டேப் சுற்றினால் மழை நிற்காது

(தோட்ட விளக்குகளின் ஒயரிங் குறித்து, தஞ்சை வட்டார வீட்டுக்காரர்களுக்கும் மின்பணியாளர்களுக்கும் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தஞ்சாவூரில் இப்போது வீடு கட்டும் எவரிடமும் ஒரு விளக்குப் பட்டியல் இருக்கிறது. வாசல் தூணுக்கு இரண்டு, சுற்றுச்சுவர் மேல் நான்கு, செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் அடியில் நிறுத்தக் குட்டிக் குட்டியாக ஆறு. தேர்ந்தெடுக்கக் குடும்பமே கடைக்குப் போகிறது. மஞ்சள் வெளிச்சமா, வெள்ளை வெளிச்சமா என்று அரைநாள் விவாதம் நடக்கிறது. வாங்கி வந்த பிறகு, விளக்கின் வாலில் தொங்கும் ஒரு முழ ஒயரை வீட்டு ஒயரோடு முறுக்கி, மேலே கறுப்பு டேப் நாலு சுற்றுச் சுற்றி, மண்ணுக்குள் தள்ளி மூடிவிட்டு, வேலை முடிந்தது என்கிறார் வயர்மேன். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த விளக்கைக் காப்பாற்றும் பொறுப்பு பத்து ரூபாய் டேப்பின் தலையில் விழுகிறது.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்ட மூன்றாம் நாள் ஒரு விளக்கு மினுக்குகிறது. அடுத்த நாள் வீட்டு மெயினே விழுகிறது. "மட்டமான சரக்கு" என்று கடைக்காரரைத் திட்டிவிட்டுப் புது விளக்கு வாங்குகிறார்கள். மறுபடியும் அதே முறுக்கு, அதே டேப். கழற்றிப் போட்ட பழைய விளக்கை உலர்ந்த மேசைமேல் வைத்துக் கரண்ட் கொடுத்தால் பல நேரம் பளிச்சென்று எரியும். கெட்டுப்போனது ஜாயிண்ட்தான். இந்த உரை அந்த ஜாயிண்டைப் பற்றியது.

தோட்டம் என்றவுடன் பங்களாவை நினைக்க வேண்டாம். காவிரி டெல்டாவில் வெட்டவெளியில் ஒயர் ஓடாத ஊர் கிடையாது. வயலில் மோட்டார் கொட்டகை வாசலில் ஒரு பல்பு. கல்யாண மண்டபத்துப் புல்வெளியில் வரிசை விளக்கு. ஜனவரி வாக்கில் திருவையாற்றில் காவிரிக் கரையோரம் தியாகராஜ ஆராதனைப் பந்தல். ஆகஸ்ட் 29-இல் கொடியேறிச் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் தெருவெல்லாம் விளக்குத் தோரணம். நாகூரில் கந்தூரி. ஊருக்கு ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு லைட் செட், மைக் செட். இத்தனையிலும் ஒயரும் ஒயரும் சேரும் இடம் மழையிலும் மார்கழிப் பனியிலும் திறந்தவெளியில்தான் கிடக்கிறது.

ஈரம் உள்ளே போவதற்கு மழை பெய்தே ஆக வேண்டும் என்றில்லை. விளக்கின் கூடும் ஜங்ஷன் பாக்ஸும் நாள்தோறும் மூச்சு விடுகின்றன. விளக்கு எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகிறது. 28 டிகிரியில் இருந்த காற்று 60 டிகிரிக்குப் போனால் அதன் கனஅளவு பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். அந்தக் காற்று ஏதோ ஒரு சந்து வழியாக வெளியேறுகிறது. விளக்கை அணைத்ததும், அல்லது சூடாக இருக்கும் கூட்டின்மேல் திடீரென்று மழை கொட்டியதும், உள்ளே காற்று சுருங்குகிறது. சுருங்கும்போது வெளியிலிருந்து இழுக்கிறது. அந்த நேரத்தில் ரப்பர் வளையத்தின் ஓரத்தில் தண்ணீர் நின்றால் தண்ணீரையே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் இல்லாத நாளில் ஈரக்காற்றை இழுக்கும். அது இரவில் குளிர்ந்து உட்சுவரில் துளித்துளியாகப் படியும். இறுக்கி மூடிய பெட்டியை மூன்று மாதம் கழித்துத் திறந்தால் அடியில் அரை டம்ளர் தண்ணீர் நிற்பதன் ரகசியம் இதுதான். வந்த தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை.

டெல்டா விவசாயிக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. வாய்க்கால் வெட்டினால் வடிகாலும் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் நட்ட பயிர் அழுகும். வெளிவிளக்கு இணைப்புக்கும் இரண்டே வழிகள்தான் ஒழுங்கானவை. ஒன்று, உள்ளே காற்றுக்கே இடமில்லாமல் ரெசினோ ஜெல்லோ ஊற்றி ஜாயிண்டை முழுக்க மூழ்கடித்துவிடுவது. காற்று இல்லையென்றால் மூச்சும் இல்லை. மற்றொன்று, மேலே மழை படாமல் மறைத்து, அடியில் ஒரு சிறு துளை விட்டு, வந்த ஈரம் வடிந்துபோக விடுவது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஏற்பாடுகள்தான் ஆபத்து. கடைகளில் அதிகம் விற்பவையும் அவைதான்.

திருவிழா லைட் செட்காரர்கள் பலர் இதைப் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள். பல்பு ஹோல்டரின் மேல் தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டிக் குடை மாதிரிக் கவிழ்த்து விடுவார்கள். கீழே திறந்திருப்பதால் மழை வெளியே வழியும், சூடும் ஈரமும் இறங்கிப் போகும். பார்க்க அழகில்லை, நிரந்தர ஏற்பாடும் இல்லை, ஆனாலும் அதன் யோசனை சரி. இதற்கு நேர் எதிரானது பால் கவரை ஜாயிண்டில் மாட்டி ரப்பர் பேண்டால் கட்டுவது. கவருக்குள் ஈரம் சிக்கிக்கொள்ளும். ஒயரைப் பிடித்துக்கொண்டு வழியும் மழைநீர் அந்தக் கட்டுக்குள்ளேயே போய்ச் சேரும். கவர் கட்டிய ஜாயிண்டை விட, கட்டாமல் சும்மா தொங்கும் ஜாயிண்ட் விரைவில் உலர்ந்துவிடும். அதற்காக ஜாயிண்டைச் சும்மா தொங்கவிடச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

உள்ளே போன ஈரம் என்ன செய்யும்? சுவாமிமலையில் ஐம்பொன்னும் தஞ்சையில் கலைத்தட்டும் செய்யும் நாட்டில் களிம்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. செம்புக் கம்பியிலும் அதே பச்சைக் களிம்பு ஏறுகிறது. களிம்பேறிய இடத்தில் மின்சாரம் தடுமாறுகிறது, அந்த இடம் சூடாகிறது, சூட்டில் டேப்பின் பசை இளகி வழிகிறது, சுற்று தளர்கிறது, இன்னும் ஈரம் புகுகிறது. சித்திரை வெயிலில் ஒரு முறை இளகிய பி.வி.சி. டேப் திரும்ப ஒட்டவே ஒட்டாது. அந்த டேப் மின்காப்புக்காகச் செய்த பொருள். நீர்காப்பு அதன் வேலையே இல்லை. அலுமினியக் கம்பியும் செம்புக் கம்பியும் நேரடியாக முறுக்கப்பட்ட இடமென்றால் சங்கடம் இரட்டிப்பு. ஈரத்தில் அலுமினியம் அரிக்கப்பட்டுப் பொடியாகும். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் பெரும்பாலும் அலுமினியம், வீட்டுக்குள் செம்பு. இரண்டும் சேரும் இடத்துக்கென்றே இருமுகம் கொண்ட பைமெட்டல் லக் இருக்கிறது. மோட்டார் கொட்டகைகளில் அதைப் பார்ப்பது அபூர்வம்.

கடையில் விளக்குப் பெட்டியின்மேல் ஐ.பி. என்ற எழுத்துகளோடு இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் தூசியையும் பூச்சியையும் எவ்வளவு தடுக்கும் என்பது. 6-க்கு மேல் கிடையாது. இரண்டாம் எண் தண்ணீர். 4 என்றால் தெறிக்கும் நீருக்குத் தாங்கும். 5 என்றால் குழாயில் பீய்ச்சினாலும் தாங்கும். 6 என்றால் இன்னும் பலமாகப் பீய்ச்சலாம். அந்தச் சோதனையில் நிமிடத்துக்கு 100 லிட்டர் நீர் பீய்ச்சப்படுகிறது. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் பாதிப்பில்லை. 8 என்றால் அதைவிடக் கடுமையான ஆழமும் நேரமும். எவ்வளவு என்பதைத் தயாரிப்பவர் சொல்ல வேண்டும். ஐ.இ.சி. 60529 என்ற உலகத் தரம் இது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இதையே ஏற்றிருக்கிறது.

இந்த எண்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 7 என்பது 6-ஐவிடப் பெரிது, ஆகவே 7 வாங்கினால் எல்லாம் அடங்கிவிட்டது என்று தோன்றும். அப்படி இல்லை. மூழ்கும் சோதனை வேறு, பீய்ச்சும் சோதனை வேறு. அசையாத நீரில் மூழ்கிக் கிடந்து தேர்வான கூடு, தோட்டக்காரர் ஓஸ் பைப்பால் பீய்ச்சும்போது ஒழுகலாம். இரண்டுக்கும் தாங்கும் என்றால் பெட்டியில் இரண்டு எண்களையும் சேர்த்தே போடுவார்கள். அதைவிட முக்கியமான சேதி, அந்த எண் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த பொருளுக்கு மட்டுமே உரியது. ஒயர் நுழைய டிரில்லரால் ஒரு துளை போட்டு, எம்-சீல் அப்பிய அந்த நொடியே பெட்டியின் ஐ.பி. 65 போய்விடுகிறது. அச்சிட்ட எழுத்து மட்டும் அப்படியே இருக்கும்.

ஒயர் நுழையும் வாய்க்கென்றே கேபிள் கிளாண்ட் இருக்கிறது. விலை சில பத்து ரூபாய்கள். உள்ளே ஒரு ரப்பர் வளையம், மேலே ஒரு மரை. திருகினால் வளையம் கேபிளைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும். வளையம் வட்டம், ஆகவே கேபிளும் வட்டமாக இருக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தட்டை ஒயரையோ, சிவப்பும் கறுப்புமாக முறுக்கிய இரட்டை ஒயரையோ உள்ளே விட்டுக் கிளாண்டை எவ்வளவு திருகினாலும் ஓரத்தில் சந்து இருந்தே தீரும். வெளிவேலைக்கு மேலுறை போட்ட வட்டக் கேபிள்தான். கிளாண்டைப் பெட்டியின் அடிப்பக்கம் வைப்பது, நுழைவதற்கு முன் கேபிளை ஒரு சாண் கீழே தொய்யவிட்டு மேலேற்றுவது, இவை இரண்டும் செலவில்லாத வேலைகள். மழைநீர் அந்தத் தொய்வின் அடியில் சொட்டிவிடும், பெட்டிக்குள் ஏறாது.

தண்ணீர் கேபிளுக்கு வெளியே மட்டும் ஓடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மெல்லிய இழைகள் கொண்ட ஒயரின் ஒரு முனை எங்கோ சேற்றில் திறந்து கிடந்தால், இழைகளுக்கு நடுவிலுள்ள நுண்ணிடைவெளி வழியாக ஈரம் ஊர்ந்து ஊர்ந்து மறுமுனைக்கு வரும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே விதிப்படிதான். பெட்டி நன்றாக இருக்கிறது, கிளாண்ட் நன்றாக இருக்கிறது, ஆனாலும் உள்ளே களிம்பு என்றால் மறுமுனையைத் தேட வேண்டும்.

மண்ணுக்குள் ஜாயிண்டே போடாமல் இருப்பதுதான் எல்லாவற்றையும் விட எளிய வழி. பழகிய வயர்மேன்கள் "லூப் அடிப்பது" என்பார்கள். போர்டிலிருந்து புறப்படும் கேபிள் முதல் விளக்குக் கம்பத்துக்குள் ஏறுகிறது. தரைக்கு மேலே உள்ள பெட்டியில் இணைப்பு. அங்கிருந்து மறுபடி இறங்கி இரண்டாம் கம்பத்துக்குப் போகிறது. கேபிள் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். தோண்டாமல் பார்க்கலாம், தோண்டாமல் சரிசெய்யலாம். கேபிள் மட்டும் மண்ணுக்குள் போகட்டும். குறைந்த அழுத்தக் கேபிளை முக்கால் மீட்டர் ஆழத்தில் மணல் பரப்பிப் பதித்து, மேலே செங்கல் அடுக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 1255. மண்வெட்டி முதலில் செங்கல்லில் பட்டு நிற்கும். தோட்டத்தில் பாதி விபத்துகளுக்கு மண்வெட்டியும் கடப்பாரையுமே காரணம் என்று அனுபவசாலிகள் சொல்வதில் வியப்பில்லை.

டெல்டாவின் களிமண்ணுக்குத் தனிக் குணம் உண்டு. மழையில் ஊதிப் பெருகும். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். இழுத்து நேராகப் பதித்த கேபிளை அந்த மண் ஆண்டுதோறும் இழுத்துப் பார்க்கிறது, இழுவை முழுதும் போய்ச் சேரும் இடம் ஜாயிண்ட். ஆகவே பாம்பு போல வளைத்து, கொஞ்சம் தளர்வாகவே பதிக்க வேண்டும். அடுத்த எதிரி எலி. வரப்பு எலியைப் பிடிக்க மூங்கில் வில்லால் ஆன "தஞ்சாவூர்க் கிட்டி" என்ற பொறியையே கண்டுபிடித்த மண் இது. அறுவடை முடிந்து வயலில் நெல் தீர்ந்ததும் எலியும் பெருச்சாளியும் வீட்டுப் பக்கம் வரும், பி.வி.சி. உறையைக் கடிப்பதில் அவற்றுக்கு அலுப்பே கிடையாது. இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிளுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு இங்கே வீண்போகாது. அந்தக் கவசத்தை எர்த்தோடு சேர்க்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் உள்ளே கசிந்த மின்சாரத்தைத் தோட்டம் முழுக்க ஊர்வலம் விடும் கம்பியாக அது மாறிவிடும்.

கடற்கரைப் பக்கம் போனால் உப்பு. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, உப்பளங்கள் சூழ்ந்த வேதாரண்யம் ஆகிய ஊர்களில் காற்றே உப்புப் பூசும். உப்புப் படலம் இரவு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மின்சாரம் ஊர்ந்துபோகப் பாதை போட்டுக் கொடுக்கும். அங்கே இரும்புத் திருகாணி ஒரு பருவத்துக்கு மேல் தாங்காது. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியும், இரும்பு இல்லாத பிளாஸ்டிக் பெட்டியும்தான் கதி.

இவ்வளவும் விளக்கைக் காப்பாற்ற. மனிதரைக் காப்பாற்றுவது தனிக் கணக்கு.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல், தாமாக முன்வந்தவர்களின் கையில் மின்சாரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி ஒரு சோதனை செய்தார். பிடித்த கம்பியை எந்த அளவு வரை தன் விருப்பப்படி விட முடிகிறது என்பதே கேள்வி. ஆண்களுக்குச் சராசரி 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் தசை இறுகிக்கொள்ளும், கை கம்பியை விடாது. ஒரு 60 வாட் பல்பு 230 வோல்ட்டில் எடுப்பது 260 மில்லிஆம்பியர். கை இறுகும் அளவைப்போலப் பல மடங்கு மின்சாரத்தில்தான் ஒரு சாதாரண பல்பு எரிகிறது. வீட்டிலுள்ள 6 ஆம்பியர் எம்.சி.பி. 6,000 மில்லிஆம்பியரைத் தாண்டினால்தான் அசையும். அது ஒயர் எரியாமல் காக்கும் கருவி, ஆளைப் பற்றி அதற்குத் தெரியாது.

ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் அப்படியே திரும்பி வருகிறதா என்று அது எடை போட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் குறைந்தால், அது ஈரமண் வழியாகப் போனதா ஒருவர் உடல் வழியாகப் போனதா என்று பார்க்காமல், வெட்டிவிடும், அதிகபட்சம் 0.3 விநாடி. டால்ஸீல் 1960-களின் தொடக்கத்தில் இத்தகைய கருவி ஒன்றை அமெரிக்காவில் உருவாக்கினார். அங்கே சட்டம் அதை முதலில் கட்டாயமாக்கியது நீச்சல் குளத்துக்குள் இருக்கும் விளக்குகளுக்கு, 1968-இல். ஈரமும் விளக்கும் சேரும் இடத்திலிருந்தே அந்த வரலாறு தொடங்குகிறது. மழைக்காலம் வரும்போது நம் மின்வாரியம் விடும் எச்சரிக்கைகளிலும் இந்தக் கருவியைப் பொருத்தச் சொல்லும் வரி இருக்கிறது.

பொருத்தியவர்கள் படும் பாடு வேறு. "மழை வந்தா டிரிப் ஆகுதுங்க, ஒரே தொல்லை" என்று வயர்மேனைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரடியாக ஒயரைக் கொடுத்துவிட்டுப் போவார். விளக்கு எரியும். வீட்டுக்காரர் டீ கொடுத்து அனுப்புவார். மழை வந்தால் டிரிப் ஆகிறது என்பது அந்தக் கருவி சொல்லும் புகார்: தோட்டத்தில் எங்கோ ஒரு ஜாயிண்ட் நனைந்து மண்ணுக்குள் கசிந்துகொண்டிருக்கிறது. புகார் சொன்னவன் வாயைக் கட்டிவிட்டால் கசிவு நிற்காது. வெறுங்காலோடு செடிக்குத் தண்ணீர் விடப் போகிறவருக்காக அது காத்திருக்கும்.

சில சமயம் புகாரில் கொஞ்சம் மிகையும் இருக்கும். எல்.இ.டி. விளக்குகளின் டிரைவர்கள் நல்ல நிலையில் இருக்கும்போதே ஆளுக்குச் சிறிது கசியவிடும். முப்பது நாற்பது விளக்கை ஒரே ஆர்.சி.சி.பி.யில் மாட்டினால் இந்தச் சில்லறைக் கசிவெல்லாம் சேர்ந்துகொள்ளும். கருவி 15 மில்லிஆம்பியருக்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம் என்பதே அதன் தரவிதி. தோட்டத்துக்குத் தனி ஆர்.சி.சி.பி. வைத்தால் இந்தத் தலைவலி தீரும். தோட்டம் விழுந்தாலும் வீட்டுக்குள் ஃபேன் ஓடும், ஃபிரிட்ஜ் ஓடும். எவரும் கோபத்தில் நேரடி ஒயர் கேட்க மாட்டார்கள்.

230 வோல்ட்டைத் தோட்டத்துக்கே கொண்டுபோகாமல் இருக்க முடியாதா என்றால், முடியும். வீட்டுச் சுவரோரம் ஒரு டிரான்ஸ்பார்மரை வைத்து 12 அல்லது 24 வோல்ட்டாகக் குறைத்து அனுப்பலாம். அந்த அழுத்தத்தில் நனைந்த ஜாயிண்டைத் தெரியாமல் தொட்டாலும் உயிர் போகும் ஆபத்து மிகக் குறைவு. தாமரைத் தொட்டிக்குள்ளும் நீரூற்றுக்குள்ளும் விளக்கு வைப்பதென்றால் இது ஒன்றே வழி; ஆள் இறங்கும் நீருக்குள் மாறுமின்சாரம் 12 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது உலக விதி. டிரான்ஸ்பார்மர் மெயினிலிருந்து முழுவதும் பிரிக்கப்பட்ட பாதுகாப்பு வகையாக இருக்க வேண்டும், அது தண்ணீருக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும்.

குறைந்த வோல்ட்டுக்கு ஒரு விலையும் உண்டு. 30 மீட்டர் தள்ளி மொத்தம் 60 வாட் விளக்குகள் என்று வைத்துக்கொள்ளலாம். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் போய்வர 60 மீட்டருக்கு மின்தடை ஏறத்தாழ 0.73 ஓம். வழியிலேயே 3.6 வோல்ட் கரைந்துபோகும். விளக்குக்குப் போய்ச் சேருவது 8.4 வோல்ட். விளக்கு அழுது வடியும். அதே வேலையை 24 வோல்ட்டில் செய்தால் 2.5 ஆம்பியர், இழப்பு 1.8 வோல்ட், 22 வோல்ட்டுக்கு மேல் மிஞ்சும். தூரம் அதிகமுள்ள தோட்டங்களுக்கு 24 வோல்ட்தான் பொருத்தம். இங்கேயும் ஜாயிண்டை அலட்சியம் செய்ய முடியாது. ஆம்பியர் கூடுதலாக ஓடுவதால் களிம்பேறிய முறுக்கு இன்னும் சீக்கிரம் சுடும்.

வீட்டுத் தோட்டத்தைத் தாண்டி வயலுக்குப் போனால், வெளிவிளக்கு அங்கே அலங்காரப் பொருள் இல்லை, பயிர்ப் பாதுகாப்புக் கருவி. 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் நாடு இது; நெல்லின் தண்டுத் துளைப்பான், பச்சைத் தத்துப்பூச்சி, புகையான் ஆகியவை விளக்கை நாடி வரும் என்பது இங்கே பழகிய செய்தி. விளக்குப் பொறி வைத்து, கீழே தண்ணீர்த் தட்டில் விழ வைத்து, எண்ணிக்கையைப் பார்த்து மருந்தடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். ஈர வயலின் நடுவே, தண்ணீர்த் தட்டுக்கு மேலே, மின்விளக்கு! மோட்டார் கொட்டகையிலிருந்து வரப்பு மேல் 230 வோல்ட் ஒயரை இழுத்து இதைச் செய்வது தற்கொலைக்குச் சமம். சோலார் பலகையும் குறைந்த வோல்ட் பேட்டரியும் வந்தபின் அந்தக் கவலை பெரிதும் தீர்ந்தது. தோட்ட விளக்கு வைப்பவர்களும் இதிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம்: வயலை ஒட்டிய வீட்டில் பால்வெள்ளை விளக்கை விடிய விடிய எரித்தால் அதுவும் ஒரு பூச்சிப் பொறிதான். மஞ்சள் ஒளிக்குப் பூச்சி குறைவாக வரும். செத்த பூச்சி பெட்டியின் வடிகால் துளையை அடைப்பதும் அதனால் குறையும்.

இனி, வெளிவிளக்கு என்று சொல்லும்போது தஞ்சை மாவட்டத்தில் எவரும் தவிர்க்க முடியாத ஒரு பெயர், களிமேடு. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் சதய விழாவின் வீதியுலா. அலங்கார விளக்குகளோடு உயர்ந்து நின்ற தேரின் உச்சி, சாலையோரம் சென்ற உயர் அழுத்த மின்கம்பியில் உரசியது. 11 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. சாலையின் மட்டம் உயர்ந்திருந்ததும் அப்போது பேசப்பட்டது. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது.

இந்த இடத்தில் ஒரு குழப்பம் வரக் கூடாது. இதுவரை சொன்ன ஆர்.சி.சி.பி., கிளாண்ட், ரெசின் எதுவும் களிமேட்டில் ஒரு உயிரையும் காத்திருக்காது. ஆர்.சி.சி.பி. தனக்குக் கீழே உள்ள ஒயரை மட்டுமே கவனிக்கும். வானத்தில் போகும் கம்பிக்கு அதன் கட்டளை செல்லாது. அங்கே காப்பது இடைவெளி ஒன்றே. கட்டடத்துக்கு மேலே போகும் 11,000 வோல்ட் கம்பிக்கும் கட்டடத்தின் உச்சிக்கும் நடுவே 3.7 மீட்டராவது இருக்க வேண்டும், பக்கவாட்டில் 1.2 மீட்டர் என்று மத்திய மின்சார ஆணையத்தின் விதி சொல்கிறது. கம்பம் நட்டுத் தோரண விளக்குக் கட்டுகிறவர்கள், மாடியில் ஸ்டார் தொங்கவிட இரும்புக் குழாயை நிமிர்த்துகிறவர்கள், முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டியது அந்தக் கம்பியை. சாலையில் புதிதாக ஒரு அடுக்குத் தார் போட்டால் கம்பியின் உயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது என்று பொருள். போன ஆண்டு உரசாமல் போனது இந்த ஆண்டுக்கு உத்தரவாதம் ஆகாது. திருவாரூர் ஆழித்தேர் ஓடும் நாளில் வீதிகளில் மின்சாரத்தை நிறுத்திவிடுவது வழக்கம். சிறிய ஊர்ச் சப்பரங்களுக்கும் அந்த வழக்கம் தேவை. மின்வாரிய அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் போதும்.

புயலுக்குப் பின் வரும் ஆபத்து இன்னொன்று. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அந்த நாள்களில் ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் தெய்வமாகத் தெரிந்தார்கள். ஜெனரேட்டரை மெயின் லைனிலிருந்து பிரிக்கும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் வீட்டு ஒயரிங்கில் சொருகினால், கரண்ட் பின்வழியாகத் தெருக்கம்பிக்கு ஏறும். டிரான்ஸ்பார்மர் அதை மறுபடி ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் பெருக்கும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் கையில் அது முடியும். வெள்ளம் வடிந்த பிறகும் தோட்ட விளக்கை உடனே போட்டுப் பார்க்கும் ஆசை கூடாது. மூழ்கிய ஜங்ஷன் பாக்ஸ்களைத் திறந்து, நீரை வடித்து, களிம்பேறிய முனைகளை வெட்டிப் புதிதாகச் சீவி, மெக்கர் வைத்து ஒயரின் காப்பைச் சோதித்தபின்தான் ஸ்விட்ச். மெக்கர் இல்லாத வயர்மேனை இந்த வேலைக்குக் கூப்பிட வேண்டாம். மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதித் தேறியவர் என்றால் அந்தச் சான்றைக் கேட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனிப் பராமரிப்புக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் விளக்குக்கு ஆடு மாடு கொடுத்த கணக்கு விரிவாக இருக்கிறது. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். விளக்கை வாங்கிக் கொடுப்பதோடு கொடை முடியவில்லை. நாளைக்கும் அடுத்த நாளைக்கும் யார் பார்த்துக்கொள்வது என்பதைச் சோழர் காலத்துக் கொடையாளிகள் கல்லில் எழுதி வைத்தார்கள். இன்றைய தோட்ட விளக்கு மதிப்பீட்டில் அந்த வரி இருப்பதில்லை. விளக்கு, ஒயர், கூலி என்று மூன்று வரியோடு தாள் முடிகிறது. நான்காவதாக ஆண்டுக்கு ஒரு முறை பெட்டி திறந்து பார்க்கும் கூலியைச் சேர்த்து எழுதச் சொல்லி வயர்மேனிடம் கேட்கலாம்.

அந்த வேலைக்குப் புரட்டாசி ஏற்ற மாதம், பருவமழைக்கு முன். திருகாணிகளைத் திறந்து ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பது, வடிகால் துளையைக் குண்டூசியால் குத்திவிடுவது, எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவது, இணைப்பு முனைகளை இறுக்குவது. பத்து விளக்குள்ள வீட்டுக்கு ஒரு காலைப்பொழுது போதும். ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் 'டி' என்று எழுதிய சிறு பித்தான் இருக்கும்; அதை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வயர்மேன் தேவையில்லை, வீட்டில் யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். அழுத்தியதும் டப்பென்று விழுந்தால் கருவி உயிரோடு இருக்கிறது. விழாவிட்டால் அன்றே மாற்ற வேண்டும்.

தெருவில் கம்பி அறுந்து கிடந்தாலோ, கம்பத்தில் பொறி பறந்தாலோ, கிட்டே போகாமல் பிறரையும் போக விடாமல் நின்றுகொண்டு மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகத்தை அழைக்க வேண்டும். எண் 94987 94987. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். கம்பத்தில் பெயின்ட்டால் எழுதியிருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொன்னால் ஆள் வந்து சேருவது விரைவாகும்.